உப்புத்தாள்

ஷெட்டிகாம்ப் கரையில்
பனி கரைந்து முடிந்த பிறகுதான்
காரின் நோய் வெளியே தெரியும்.

ஓடீலின் நீல மாஸ்டாவில்
பின்சக்கர வளைவின் மேல்
அம்மைக் கொப்புளம் போல மூன்று.
ஒன்றை நகத்தால் கீறினாள்.
பெயின்ட் தோலாக உரிந்து வந்தது,
அடியில் ஈரக் காப்பித்தூள்.

ஐந்து மாதம் சாலையில்
உப்பைக் கொட்டுகிறார்கள்.
உப்பைத் தின்ற கார்
தண்ணீரும் குடித்திருக்கிறது.

அக்டோபரில் இதை எலுவாவிடம் வாங்கினாள்.
படகுத்துறையில் பளபளவென்று நின்றது.
"போன வாரம்தான் பெயின்ட் அடித்தேன்" என்றான்.
உண்மைதான்.
அதை மட்டும்தான் சொன்னான்.

நண்டு ஆலையில் காலை ஷிப்ட் முடிந்து
மூன்று மணிக்குச் சக்கரத்தருகே உட்கார்ந்தாள்,
கையில் இன்னும் நண்டு வாசனை.
முதலில் வெந்நீர், சோப்பு.
பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால்
தட்டித் தட்டிக் கேட்டாள்.
டங் என்றால் இரும்பு இருக்கிறது.
டொப் என்றால் இரும்பு இருந்தது.

டங். டங். டங்.

மேல்துருதான்.
அவள் விட்ட மூச்சு
பக்கத்து வீட்டு நாய்க்கும் கேட்டிருக்கும்.

எண்பதாம் நம்பர் தாளை மடித்தாள்.
என் மொழியில் இதற்கு
உப்புத்தாள் என்று பெயர்.
உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாள் தின்று ஆற்றுகிறது என்று
நான் இங்கே சொல் கோத்துக்கொண்டிருக்க
அங்கே அவள்
தோள்பட்டை கழலத் தேய்க்கிறாள்.

நீலத்துக்கு அடியில் துரு.
துருவுக்கு அடியில்தான் பழைய நீலம்.
நடுவே, காய்ந்த பெயின்டில் புதைந்து
எலுவாவின் பிரஷ் உதிர்த்த
ஒற்றை மயிர்,
சாட்சிக்கூண்டில் நிற்பது போல.

தேய்க்கவே இல்லை அவன்.
பூசியிருக்கிறான்.
மெழுகியிருக்கிறான்.

ஓரங்களைச் சரிக்க மெல்லிய தாள்.
கண்ணை மூடித் தடவினால்
பெயின்ட் எங்கே முடிகிறது
இரும்பு எங்கே தொடங்குகிறது என்று
விரலுக்குத் தட்டக்கூடாது.
மூடினாள். தட்டியது. மறுபடி தேய்த்தாள்.

எலுவாவின் பிக்கப் சாலையில் வந்தது,
வேகம் குறைந்தது,
போய்விட்டது.
கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

பிரைமர் டப்பாவும் கையுமாக நின்றான்.
"அந்த மாதம் படகு இன்ஜின்…"
"டேப்பைப் பிடி" என்றாள்.

டேப் ஒட்டி, காகிதம் மறைத்து,
ஸ்பிரிட்டில் துடைத்து நிமிர்வதற்குள்
வளைகுடாவிலிருந்து மூடுபனி ஏறியது.
"இப்போது அடித்தால்
ஈரத்தையும் உள்ளே வைத்து அடைத்துவிடுவோம்" என்றான்.
ஓடீல் அவனைப் பார்த்தாள்.
அவன் டப்பாவைப் பார்த்தான்.

பிளாஸ்டிக் விரித்து, நான்கு கல் வைத்து
இரவைக் கடத்தினார்கள்,
அவரவர் வீட்டில்.

காலையில் விரிப்பைத் தூக்கினால்
வெள்ளி வெளுப்பில் இருந்த இரும்பின் மேல்
ஆரஞ்சாய் ஒரு பூச்சு.
ஒரே ராத்திரி.
யாரும் பூசவில்லை.

எலுவா சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.
ஆளுக்கொரு தாள் எடுத்தார்கள்.
ஒன்பது மணி வெயிலில்
மெல்லிசாக ஒன்று, காயவிட்டு ஒன்று,
மறுபடி ஒன்று.
கார் அந்த இடத்தில் மட்டும்
சாம்பல் நிறமாயிற்று.
நீலம் நாளைக்கு.

கையைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்:
"அந்தப் பக்கம் நான் கை வைக்கவே இல்லை,
நன்றாகத்தான் இருந்தது."

ஓடீல் ஸ்க்ரூடிரைவரை
பிடி அவன் பக்கம் இருக்க நீட்டினாள்.

அவன் காரைச் சுற்றிப் போனான்,
குனிந்தான்,
தலை மறைந்தது.

சற்று நேரம் அலை மட்டும் கேட்டது.

டங்.
டங்.

டொப்.