மிதவை முட்டைகள்

கடையில் விற்கும் ஈஸ்டர் முட்டைக்குள்
ஒரு பழமொழி இருக்கும்.
ஐஸ்லாந்தில் இது வழக்கம்:
முதலில் உடை, பிறகு வாசி, பிறகுதான் தின்னலாம்.
போன வருடம் எனக்கு வந்தது,
"பொறுத்தவன் வலையில் மீன் விழும்."
ஈசாஃப்யோர்தூர் துறைமுகத்தில் பதினொரு வருடம்
மீனை எடைபோட்டு எழுதுகிறவளிடம்
இதைச் சொல்ல ஒரு முட்டை வேண்டுமா?

அதனால் இந்த வருடம் நானே செய்தேன்.

அச்சு கிடைக்கவில்லை.
என்ஜின் அறைக்காரன் தோர்லாகுர்
வலையிலிருந்து கழன்ற மிதவை ஒன்றை
ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கொடுத்தான்.
மூன்று முறை வெந்நீரில் கழுவியும்
லேசாகக் கடல் வாசம்.
போகட்டும், தின்னப்போகிறவர்கள் மீனவர்கள்தானே.

சாக்லேட்டுக்குப் பிடிவாதம் அதிகம்.
சூடு கொஞ்சம் ஏறினால் வெளுத்துப் பூத்துவிடும்,
இறங்கினால் கட்டிதட்டிப்போகும்.
வெப்பமானி இல்லை.
கரண்டி நுனியைக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தேன்.
சூடா, குளிரா என்று
உதடு குழம்பும் நொடிதான் பதம்.
வெளியே பனி படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
ஃபிரிட்ஜ் எதற்கென்று
அச்சைப் படிக்கட்டில் வைத்தேன்.
முதல் பாதியைக் காற்று உருட்டிக்கொண்டு போனது.
இரண்டாவதைக் கற்களுக்கு நடுவே வைத்தேன்.
உருண்டுபோனதைப் பொறுக்கி வந்து
நின்றபடியே, கையுறையைக்கூடக் கழற்றாமல்,
கறுப்புக் காபியோடு தின்றேன்.
பனியும் சாக்லேட்டும் சேர்ந்து பல்லில் நொறுங்கிய சத்தம்
காதுக்குள்ளேயே கேட்டது.
இரண்டாவது துண்டையும் காற்று தட்டிவிடாதா
என்றிருந்தது.

முட்டை ஏழு. சீட்டும் ஏழு.
எனக்குத் தெரிந்த பழமொழி மூன்று;
அதில் இரண்டு சபையில் சொல்லக்கூடாதவை.
ஆகவே தெரிந்ததை எழுதினேன்.
சமையல்காரன் பிரின்யாருக்கு:
"செவ்வாய்க்கிழமை சூப் உப்புக் கரித்தது.
தட்டை வழித்துத்தான் வைத்தேன்."
தோர்லாகுருக்கு:
"ரம்பம் என்னிடம்தான் இருக்கிறது. தருவதாக இல்லை."
போலந்திலிருந்து வந்த புதுப் பையன் ஸ்பிக்னியெவுக்கு
அவன் மொழியிலேயே, அகராதியைப் புரட்டி:
"நீ விசிலடிப்பது கரைவரை கேட்கிறது."
நான் எழுதியதற்கு அர்த்தம்
"உன் கெட்டில் கரையைக் கூப்பிடுகிறது" என்று
பின்னால்தான் சொன்னான்.
இதுவே நன்றாயிருக்கிறதாம்.
படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறான்.

ஈஸ்டர் இரவு ரேடியோவில் அவர்கள் படகு.
வானிலை சொல்லப்போகிறார்கள் என்று பென்சிலை எடுத்தேன்.
"கேள்," என்றது பிரின்யாரின் குரல்.
படக்.
பிறகு யாரும் பேசவில்லை.
ஆறு வாய்கள் மெல்லும் சத்தம்.
பதிவேட்டில் அந்த நேரத்துக்கு
நான் எதையும் எழுதவில்லை.

ஏழாவது முட்டை அக்குரேரிக்கு,
அக்கா குட்ஃபின்னாவுக்கு.
அப்பாவின் மீன்பிடி உரிமையை
என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவள்.
ஆறு வருடமாக முகம் கொடுக்கவில்லை,
நானோ அவளோ.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
எழுதி எழுதிக் கிழித்தேன்.
எல்லாம் பழமொழி போலவே வந்தது,
யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி.
கடைசியில் வெற்றுச் சீட்டை மடித்து
அதிமதுர மிட்டாய்களுக்கு அடியில் வைத்து
உருகிய சாக்லேட்டால் விளிம்பை ஒட்டினேன்.
பெட்டியின் மேல் "உடையும் பொருள்" என்று எழுதிவிட்டு
கொஞ்சம் யோசித்தேன்.
உடைக்கத்தானே அனுப்புகிறேன்?
அடித்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஓர் உறை.
உள்ளே அதே சீட்டு, அதே மடிப்பு.
ஒரு எழுத்து இல்லை.
மூலையில் மட்டும் பழுப்பாய்க்
கட்டைவிரல் ரேகை,
குறுக்கே வெள்ளையாய் ஒரு கோடு.
அது தூண்டில் முள் ஏறிய தழும்பு.
அவளுக்கு அப்போது பத்து வயது.
தூண்டிலை வீசியது நான்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அலுவலகத்தில் யாருமில்லை என்று
இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு
நாக்கு நுனியால் தொட்டேன்.
லேசாகக் கடல் வாசம்.
மிதவையை இன்னொரு முறை கழுவியிருக்கலாம்.