பத்தொன்பது டிகிரி

மொண்டேவீடியோவில் ஏப்ரல், இலை உதிர்க்கும் மாதம்.
காலையில் பன்னிரண்டு டிகிரி, மதியம் பத்தொன்பது.
ஆற்றோரத்தில் காற்று தன் இஷ்டம்.
அக்கரை தெரியாத ஆறு;
சில நாள் உப்புக்கூடக் கரிக்கும்.
ஆனாலும் ஆறு என்றுதான் சொல்வோம்.

இப்படி ஒரு நாளுக்கு என்ன உடுப்பது?
குளிர் என்றால் குளிருக்குப் பதில் உண்டு.
வெயில் என்றாலும் அப்படியே.
இது இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு
உன் இஷ்டம் என்கிறது.
என் இஷ்டம் என்னவென்று
பத்தொன்பது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை.

துறைமுகத்திலிருந்து கிளம்பும் பேருந்தில்
நான் நடத்துனர்.
கருநீலச் சட்டை, கருநீலக் கால்சட்டை.
தைத்தவன் மனதில் இருந்தது ஓர் ஆண்.
என் இடுப்பு எங்கே இருக்கிறதென்று
அந்தத் துணிக்குத் தெரியாது.
நாளடைவில் எனக்கும் மறந்துவிட்டது.

இன்று விடுப்பு.
யாரையும் பார்க்கப் போகவில்லை.
நடக்கப் போகிறேன், அவ்வளவுதான்.
அதற்குப் போய்
அலமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டியிருக்கிறேன்.

கடுகு நிறக் கார்டிகன், நாத்தனார் சுல்மா கொடுத்தது:
போட்டால் மஞ்சள் காமாலை.
கறுப்பு உடுப்பு
இரண்டு சாவுக்குப் போய் வந்தது,
இன்னும் முகம் மாறவில்லை அதற்கு.
பூப்போட்ட பாவாடை நல்லதுதான்,
காற்று வீசாதவரை எனக்குச் சொந்தம்.

கடைசியில் அகப்பட்டது
ஒயின் நிறத்தில் ஒரு கார்டுராய் கால்சட்டை.
ஞாயிற்றுச் சந்தையில் பேரம் பேசி வாங்கி
சீட்டுகூடப் பிரிக்காமல் வைத்தது.
தொப்புள்வரை ஏறும் இடுப்புப்பட்டி.
மூச்சை இழுக்காமலே பொத்தான் விழுந்தது.
அட, இங்கேதான் இருந்தாயா
என்றேன், என் இடுப்பிடம்.

மேலே, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட
பாலாடை நிறப் பருத்திச் சட்டை.
மேல் பொத்தான் இரண்டும் திறந்து.
எனக்கு நல்ல கழுத்து.
சொல்ல ஆளில்லாததால் நானே சொல்கிறேன்.
ஸ்கார்ஃபைச் சுற்றினேன், கழற்றினேன், சுற்றினேன்,
கைப்பையில் திணித்தேன்.
அதன்மேல் சாம்பல் நிற மெல்லிய கம்பளி;
வெயில் ஏறினால் தோளில் கிடக்கும்,
காற்று ஏறினால் கழுத்துவரை வரும்.
கை மட்டும் தொளதொளவென்று இருக்கவேண்டும்,
இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க்,
அதே கையில் மாத்தே குடுவை.
இந்த ஊரில் ஃபிளாஸ்க்கையும் சேர்த்துத்தான் உடை.

பூட்ஸ் பழசு, மூன்றாம் முறை அடி மாற்றியது.
என் சுண்டுவிரலின் குணம் அதற்குத் தெரியும்.

குளியலறைக் கண்ணாடி மார்புவரைதான் காட்டும்.
நாற்காலிமேல் ஏறி மீதியைப் பார்த்தேன்.
தலை இல்லாமல் யாரோ ஒருத்தி.
நன்றாகத்தான் இருந்தாள்.

நடக்கவென்று கிளம்பியவளின் கால்
பழகிய நிறுத்தத்தில் நின்றது.
வந்தது என் பேருந்தேதான்.
என் இருக்கையில் வில்மார்,
எட்டு வருடமாக ஷிஃப்ட் முடிகையில்
சில்லறையை எண்ணி என் கையில் கொடுப்பவன்.

நிமிர்ந்து பார்த்தான்.
காசை வாங்கினான், சீட்டைக் கிழித்தான்.
"படியில நிக்காதீங்கம்மா, பின்னால போங்க,
இடம் இருக்கு."

லட்சம் முறை நான் சொன்னது.
என்னிடம் யாரும் சொன்னதில்லை.
போனேன்.
உண்மையிலேயே இடம் இருந்தது.

ஜன்னலோரம்.
இந்தப் பாதையில் ஆறு
இத்தனை நேரம் கூட வருமென்று தெரியாது.
கம்பளியைக் கழற்றி மடியில் வைத்தேன்,
ஒரு மாத்தே ஊற்றிக்கொண்டேன்.
பிளேன் மரத்து இலை ஒன்று
உள்ளே வந்து முழங்காலில் உட்கார்ந்தது,
ஏறக்குறைய அதே நிறம்.

நான்காவது நிறுத்தத்தில் வில்மார் திரும்பினான்.
மறுபடி திரும்பினான்.
"நெலிதா?"

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இறங்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.
அதுவரை யோசிக்கட்டும்.