பூஜ்யம் ஜூல்

ஒப்பந்தத் தாளில் மூன்று கட்டங்கள்:
விளையாட்டு விடுதிக்கு ஒன்று, ரிக் பட்டறைக்கு ஒன்று,
பெற்றவருக்கு ஒன்று.
அப்பாவின் கையெழுத்து
ராய்ப்பூருக்கு அப்பால் ஏதோ காட்டில் நின்ற
போர்வெல் லாரியிலிருந்து வாட்சப்பில் வந்தது,
ஓரத்தில் கிரீஸ் படிந்த பெருவிரலோடு.
விரலையும் சேர்த்தே நகலெடுத்துக் கொடுத்தேன்.

நாலே முக்காலுக்கு விசில்.
ஏழு மணி வரை இரும்பு.
எட்டுப் பத்துக்குத் திருச்செங்கோடு பஸ்.
கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவதை
பட்டயப் படிப்பின் எந்தப் பருவத்திலும் வைக்கவில்லை,
நானாகத்தான் கற்றேன்.
செவ்வாயும் வியாழனும் பட்டறை;
துளை போடும் ராடுகளின் மரையைத்
தேய்ந்ததா தேயாததா என்று அளந்து எழுத வேண்டும்.
"பளு தூக்கற புள்ளைங்களா?
அப்ப அந்த ராடை அக்கட்டால எடுத்து வெய்யிங்"
என்பார் மேஸ்திரி,
கிரேன் சும்மா நிற்கும்போதே.
மாதம் ஆறாயிரம், வங்கிக் கணக்கில்.
கல்லூரிப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
ஓ.டி., ஓ.டி., ஓ.டி.
வந்த நாளிலும் பழக்கத்தில் அதையே எழுதிவிடுகிறார்கள்.

நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?
வெள்ளை எனக்கு, மஞ்சள் சௌடேஸ்வரிக்கு.
குண்டு எறிபவள், பள்ளிபாளையத்துக்காரி.
தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராதென்று
ஃபேனை ஐந்தில் ஓடவிட்டுப்
போர்வைக்குள் கணக்குப் பதிவியல் படிப்பாள்.

ஞாயிறு ஈரோட்டில் மண்டலப் போட்டி.
நாற்பத்தொன்பது கிலோப் பிரிவு.
சிவப்புத் தட்டு இரண்டு, ஒரு கிலோத் தட்டு இரண்டு,
கம்பியும் பூட்டும் சேர்த்து எழுபத்திரண்டு.
முதல் முறை முன்னால் விழுந்தது.
இரண்டாம் முறை பின்னால்.
மூன்றாம் முறை ஏறியது,
ஏறிவிட்டது,
தலைக்கு மேல் பிசகாமல் நின்றது,
அம்மாடி என்று
விட்டுவிட்டேன்.
நடுவர் இன்னும் 'டவுன்' சொல்லவில்லை.
மூன்று விளக்கும் சிவப்பு.

திங்கள் காலை இயற்பியல் தேர்வு.
பனியனின் சுண்ணாம்பு இன்னும் நகத்தில்.
ஏழாவது கேள்வி, இரண்டு மதிப்பெண்:
ஒருவர் ஐம்பது கிலோ நிறையைத் தலைக்கு மேல்
பத்து நொடி அசையாமல் தாங்கி நிற்கிறார்.
அந்தப் பத்து நொடியில் எடைமீது அவர் செய்யும் வேலை எவ்வளவு?

பூஜ்யம்.
இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே வேலை இல்லை.
எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில்,
யாரும் திருத்தாத இடத்தில், போட்டுப் பார்த்தேன்:
எழுபத்திரண்டு, ஒன்பது புள்ளி எட்டு,
தரையிலிருந்து ஒன்று புள்ளி எட்டு மீட்டர்.
ஆயிரத்து இருநூற்று எழுபது ஜூல்.
அத்தனையும் செய்திருக்கிறேன், பாக்கி இல்லாமல்.
செய்யாமல் விட்டது
அந்தப் பூஜ்யத்தை மட்டும்தான்.
சிரிப்பு வந்தது. கண்காணிப்பாளர்
துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று பெஞ்சைத் தடவினார்.

இரவு அப்பா கூப்பிட்டார். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.
"எத்தன சாமி தூக்குன?"
"தூக்கீட்டனுங்கப்பா. நிக்காம உட்டுட்டன்."
புரிந்ததோ இல்லையோ, சற்று நேரம் இரைச்சல் மட்டும்.
"அங்க தண்ணி வந்துதுங்களா?"
"எண்ணூறு அடி போயிருக்குது கண்ணு. இன்னும் பொகைதான்.
ஆயிரம் வரைக்கும் எறக்கச் சொல்லீட்டாங்க."

செவ்வாய். நாலே முக்கால்.
தட்டே இல்லாத வெறும் கம்பி, பதினைந்து கிலோ,
தலைக்கு மேல்.
முழங்கை பூட்டியிருக்கிறது.
தொடை மட்டும் தனியாக ஏதோ பேசுகிறது.
'டவுன்' சொல்ல வேண்டியவள் சௌடேஸ்வரி.
எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து
நேற்றைய முட்டையின் மஞ்சளை
மெதுவாக, மிக மெதுவாக
மென்றுகொண்டிருக்கிறாள்.