முழங்கை ஆழம்

முன்பு ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி.
சைரன் இருந்த இடத்தில் சோலார் தகடு,
ஸ்ட்ரெச்சர் உருண்ட தடத்தில் எங்கள் கட்டில்,
குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய கொக்கியில்
என் எண்ணெய்த் தூக்கு
திருச்செங்கோட்டிலிருந்து ஆடிக்கொண்டே வந்தது.

பாம்பன் பாலத்தில் எல்லோரும் நிறுத்தும் இடத்தில்
நாங்களும் நிறுத்தி
ரயில் வராத தண்டவாளத்தைப் படம் எடுத்தோம்.

சோதனைச் சாவடிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
அடுப்பைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார்.
"முனையில ராத் தங்கக் கூடாது.
அஞ்சு மணிக்கு விசில் அடிச்சா திரும்பிரணும்.
இடது கைப் பக்கம் பெண்கடல்,
வலது கைப் பக்கம் ஆண்கடல்."

ஆனி மாதம். வலப்பக்கம்
ஒரே இரைச்சல், நுரை, மணல்.
இடப்பக்கம் ஆறிய கஞ்சிபோல ஆடை கட்டிக் கிடந்தது.
ஐப்பசியில் மாறிக்கொள்ளுமாம்:
இது அடங்கும், அது ஆடும்.
அர்த்தநாரி என்று பெயர் வைத்த மனுஷனிடம் சொன்னேன்,
"உங்க பேருக்கே ரோடு போட்டிருக்காங்க."
சிரிக்கவில்லை. கியரை மாற்றினார்.

அரிச்சல்முனை.
தூணைச் சுற்றி வேன்கள், மாங்காய்ப் பத்தை, தொப்பி,
இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று என் போனில் ஒரு செய்தி.
இரண்டு கடலும் சேரும் இடத்தைத் தேடினேன்.
கோடு எதுவும் இல்லை.
ஓர் அலை போனது, ஓர் அலை வந்தது,
எது யாருடையது என்று சொல்ல ஆளில்லை.
இதற்குத்தான் வந்தோம்.
நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி
பின் சக்கரம் மணலில் இறங்கியது.
ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க
தனக்குத் தானே குழி பறித்துக்கொண்டது.
கருவாடு விற்றுக்கொண்டிருந்த அம்மா கத்தினாள்:
"மிதிக்காதீக! காத்த எறக்குங்க, மண்ணத் தோண்டுங்க!"
தோண்டினோம்.
நான் சோற்றுக் கரண்டியால்,
அவர் கையால்.

குழியில் நீர் ஊறியது.

இருபத்தெட்டு வருஷம் ரிக் வண்டி ஓட்டியவர்.
ராயச்சூர், சித்ரதுர்கா, எங்கெங்கோ
ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி,
பாறை மாவாகி வெள்ளைப் புழுதியாய் எழும்ப
கம்பியின் அதிர்வை உள்ளங்கையால் கேட்டவர்.
தண்ணீர் எங்கே இருக்காது என்று
அவருக்குத் தெரியும்.

விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.
இன்னொரு முறை வைத்தார்.
பிறகு என் வாயில் வைத்தார்,
கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்த மாதிரி, அவசரமாக.
உப்பில்லை.

"நல்ல தண்ணிதான், குடிங்க" என்றாள் அந்த அம்மா.
நம்புத்தாய் என்று பெயர்.
சிரட்டையால் மொண்டு தன் குடத்திலும் ஊற்றிக்கொண்டாள்.
எங்கள் சக்கரம் தோண்டிய குழி
அவளுக்கு வேலை மிச்சம்.
"எத்தன அடியில கிடைக்கும்?"
அவருடைய தொழில் கேள்வி.
அவள் அடி கணக்குச் சொல்லவில்லை.
கையை மடக்கி முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.
"அதுக்கு மேல தோண்டினா உப்பு வந்துரும்."

விசில் அடித்தது.
நாலு பையன்கள் தள்ள வண்டி ஏறியது.
கருவாடு கால் கிலோ வாங்கினேன்;
மிச்சப் பணத்தை அவள் எண்ணிக் கொடுத்தாள்.

தங்கச்சிமடம் பெட்ரோல் பங்க் ஓரம் ராத்திரி.
டயருக்குக் காற்று அடித்தாயிற்று.
தூக்கு ஆடவில்லை.
தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ராயச்சூர்ல ஒருத்தர், பசவண்ணப்பான்னு,
ஆயிரத்து நூத்தம்பது அடி. வெறும் புகை.
மக நகைய வித்து முழுப் பணமும் குடுத்தாரு.
எண்ணித்தான் வாங்கினேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மேலே ஃபேன் சுற்றியது.
அவர் கை என் பக்கம் மடங்கிக் கிடந்தது,
முழங்கையில் மணல் ஒட்டியிருந்தது.