கைப்பிடிச் சுவர்

புதிதாக வீடு கட்டினால்
மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் வைத்துவிடு,
எவனாவது விழுந்தால் பழி உன் வாசலில் வந்து நிற்கும்.
எங்கள் சட்டம் சொல்வது இவ்வளவுதான்.
எத்தனை முழம் என்று சொல்லவில்லை.

அந்தச் சொல்லாத முழத்தில்தான்
என் கணவர் சப்பதாயோசும்
அவருடைய கிரேக்கச் சிநேகிதன் அர்கிப்போசும்
ஒரு கோடை முழுக்கக் குடியிருந்தார்கள்.

அலெக்சாந்திரியாவில் நைல் ஏறும் மாதம்.
வாய்க்காலில் செம்மண் குழம்பு.
கீழே அடுப்படியில் நிற்க முடியாது.
பாயும் பருப்புக் கஞ்சியும் கருவாடும்
மாடிக்கு ஏறிவிட்டன. விளக்கில் எண்ணெய் தீரும்வரை
பேச்சு.

"விழுகிறவன் எதனால் விழுகிறான்?" என்பான் அர்கிப்போஸ்.
"சுவர் இல்லாததாலா?
சுவரில்லாத ஆயிரம் மாடிகளில்
ஆயிரம் பேர் விழாமல் தூங்குகிறார்களே.
இல்லாத ஒன்று எப்படி ஒரு காரணமாகும்?"

இவர் தாடியைச் சொறிவார்.
எங்கள் சபைத் தலைவர்களிடம் மனு எழுதிக் கொடுப்பது இவர் தொழில்.
அங்கே யாரும் காரணம் கேட்டு வருவதில்லை.
கழுதையை மீட்டுக்கொடு, சீதனத்தை வாங்கிக்கொடு,
அவ்வளவுதான்.
"விழுவது அவன் விதியாகவே இருக்கட்டும்" என்றார் ஒருநாள்.
"அது என் வீட்டில் நடக்கவேண்டாம்."

மூன்று நாள் அதையே மென்றுகொண்டிருந்தான் அர்கிப்போஸ்.
நாலாம் நாள் கேட்டான்:
"சட்டம் என்று நீ சொல்வது எங்கள் சொல்.
உன் பாட்டன்மார் என்ன சொன்னார்கள்?"
சொன்னார். அந்தச் சொல்லுக்குள்
அம்பை எய்வதும் இருக்கிறதாம்,
வழியைக் காட்டுவதும் இருக்கிறதாம்.
கிரேக்கத்துக்குக் கடத்தும்போது அம்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது,
வேலி மட்டும் வந்து சேர்ந்தது.
இரண்டு பேரும் அன்று சீக்கிரமே படுத்துவிட்டார்கள்.

நான் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இதே சேற்றில், இதே வைக்கோலைப் பிசைந்து
எங்கள் ஆட்கள் அடிமைகளாகக் கல்லறுத்தார்களாம்.
நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.
நூற்றுக்கு நாலு உடைசல். கேட்டால்
படகுக்காரன் சத்தியம் செய்கிறான்.

கிழக்கே நாலு வரிசை ஏறியிருந்தது, வடக்கே ஒன்றுமில்லை.
அர்கிப்போஸ் சொன்னான்,
யார் கண்ணும் பார்க்காத ஒரு சுவர் இருக்கிறதாம்,
உலகத்துச் சுவரெல்லாம் அதன் நிழலாம்,
அதற்கு விரிசலே விடாதாம்.
"கொத்தனுக்குக் கூலி எவ்வளவு?" என்றேன்.
சிரித்தான். நல்ல மனிதன், அதைச் சொல்லவேண்டும்.

அன்று திராட்சை மது கொஞ்சம் அதிகம்.
நள்ளிரவில் 'தொப்' என்று சத்தம்,
சந்தில் ஒரு நாய் அலறியது.
எழுந்து பார்த்தால்
உருண்டுபோன அர்கிப்போசின் இடுப்பு
நாலு வரிசையில் முட்டி நிற்கிறது.
மேல்கல் ஒன்று கீழே விழுந்து தூளாகிக் கிடந்தது.
அவன் குறட்டை நிற்கவில்லை.
அந்நிய ஆணின் காலைத் தொடலாமா என்று
எந்தச் சுருளையும் விரித்துப் பார்க்கவில்லை நான்.
கணுக்காலைப் பிடித்து, தர தரவென்று
விளக்கடிக்கு இழுத்துப் போட்டேன்.

காலையில் அதற்கும் வழக்கு நடந்தது.
தடுத்தது கல்லா, கல்லை வைக்கச் சொன்ன வரியா,
வரியைச் சொன்னவனா?
என் கையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.
நான் கூடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது
அர்கிப்போஸ் முழங்கைவரை சேறு.
வடக்குப் பக்கம் அவனே முதல் வரிசை வைத்திருந்தான்,
பாம்பு போனமாதிரி.
வைத்துக்கொண்டே கேட்டான்:
"இத்தனை கல்லில் எந்தக் கல்லிலிருந்து
இது சுவர்?"

கோணலைப் பிரிக்கவில்லை நான், மேலே கட்டினேன்.
அவனை அங்கேயே உட்காரச் சொல்லி
தோள்வரை ஏற்றினேன்.
சட்டம் சொல்லாத முழம் அதுதான்.
பேசும்போது கையை வீசுவான்,
அதற்காக இன்னும் ஒரு வரிசை.