பாமர உறுப்பினர்

எனக்கு முன்னால் வைத்த அட்டையில்
அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்:
திருமதி செலின் இருதயநாதன்,
பாமர உறுப்பினர்.
நெறிமுறைக் குழுவில் ஒருத்தராவது
படிக்காத கண்ணோடு படிக்கவேண்டும் என்று விதியாம்.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தையல் கடை.
கூட்டம் உள்ள வியாழன்களில்
மதியமே ஷட்டரை இறக்கிவிட்டு
காலாப்பட்டு பஸ் ஏறுவேன்.
இரண்டு மேரி பிஸ்கட், ஆறிய காபி,
வந்துபோக ஐந்நூறு ரூபாய்.

அன்றைக்கு ஏழாவது கோப்பு மோனிஷாவுடையது.
கடலூர் துறைமுகத்தில்
விடியுமுன் மீன் ஏலம் எடுக்கும் பெண்களின் தூக்கம்.
நாற்பது பேர், பதினான்கு இரவு.
மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒன்று கட்டுவாள்.
மணி காட்டாது.
படுத்ததும் புரண்டதும் எழுந்ததும்
அதற்குத் தெரியும்.

எண்ணிக்கை போதுமா என்றார் டாக்டர்.
பேட்டரி வெடித்தால் யார் பொறுப்பு என்றார் வக்கீல்.
தத்துவப் பேராசிரியர் கேட்டது எனக்குப் புரியவில்லை.
மோனிஷாவுக்கும் புரியவில்லை,
ஆனாலும் பதில் சொன்னாள்.

'ஆபத்து' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே வரி:
மிகக் குறைவு. தோலில் லேசான அரிப்பு ஏற்படலாம்.

முப்பத்தொரு வருஷமாய்
கழுத்தில் இஞ்ச் டேப்போடு நிற்கிறவள் நான்.
'கையைத் தூக்குங்க' என்பதற்கு முன்
ஒரு நொடி நிற்கவேண்டும்.
அந்த நொடியில்
திரும்பிப் போனவர்களும் உண்டு.
அளவெல்லாம் நோட்டில் இருக்கும், பேரோடு.
ஒருமுறை ஒரு மாமியார் வந்து,
"மருமக இடுப்பு போன மாசம் எவ்ளோ,
இந்த மாசம் எவ்ளோ?" என்றார்.
நோட்டு தொலைந்துபோச்சு என்றேன்.
அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மைக்கை எப்படி முடுக்குவதென்று தெரியாமல்
சத்தமாகவே கேட்டேன்:
"நடுராத்திரி ஒருத்தி எழுந்து நடந்தா
அது காட்டுமா?"
"காட்டும் மேடம். ஏன்னு காட்டாது."
"அந்த ஏன் இருக்குதே,
அத அவ வீட்டுக்காரன் எழுதிப்பான்."

ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுவது கேட்டது.
வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார்.
திருத்தங்களுடன் மறுபடி சமர்ப்பிக்கவும்,
அடுத்த கூட்டம் ஏப்ரலில்.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கும்,
படகு போகாது, ஏலம் இருக்காது
என்று அந்த அறையில்
அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
கோப்பின் நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் தள்ளித்தான் நின்றாள்.
பஸ்ஸில் இடம் என் பக்கத்தில் மட்டுமே இருந்தது.
லாஸ்பேட்டை தாண்டும்வரை வெளியே பார்த்தாள்.
பிறகு படிவத்தை எடுத்து மடியில் விரித்தாள்:
"அப்ப எப்படித்தான் எழுதறது?"
என் பையில் இருந்தது பில் புக்தான்.
ஒரு தாள் கிழித்து, பின்பக்கம்,
ஒவ்வொரு பள்ளத்திலும் பேனா எகிற:

உங்களுக்கு எப்போது தோன்றினாலும்
கழற்றி வைத்துவிடலாம்.
ஏன் என்று கேட்கமாட்டேன்.
யார் கேட்டாலும் கணக்கைக் காட்டமாட்டேன்,
உங்கள் வீட்டில் கேட்டாலும்.

'தரவின் இரகசியத்தன்மை' என்ற சொல்லை
அவளே அடித்தாள்.

ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.
படகுகள் மறுபடி இறங்க ஜூன் பாதி ஆனது.
உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிட்டதாம்,
டியூஷன் எடுக்கிறாளாம்.
இதற்கு நான் என்ன செய்ய என்று
இன்றுவரை தெரியவில்லை.
அட்டையில் போட்டது சரிதான்.

ஜூலையில் ஒருநாள் போன் வந்தது,
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
"முப்பத்தோரு பேர் கட்டிக்கிட்டாங்க மேடம்.
ஒம்பது பேர் வேணாம்னுட்டாங்க."
சற்று நிறுத்தி,
"ஏன்னு நான் கேக்கல."

வாயில் நான்கு குண்டூசி இருந்தது.
ம், என்றேன்.