எதிர் மலை தெரிந்த நேரம்

படிவத்தில் ஆறாவது கட்டம்:
கடைசியாக நன்றாகக் காணப்பட்ட நேரம்.
மணிக்கு இரண்டு பெட்டி, நிமிடத்துக்கு இரண்டு பெட்டி.

மூன்றாம் நாள், வார்டுக்கு வெளியே,
தூக்குவாளியை மடியில் வைத்தபடி அத்தாயி சொன்னாள்:
"சில்வர் ஓக்குல ஏணியச் சாத்தி
மெளகு பறிக்க ஏறுறப்ப நல்லாத்தான் இருந்தாரு.
எறங்குனப்ப என் பேர
வேற யாரோ பேரு மாதிரி சொன்னாரு."

எத்தனை மணிக்கும்மா?

"பனி வெலகி எதிர் மலை தெரிஞ்ச நேரம்."

வாழவந்தியில் எதிர் மலை
ஒருநாள் எட்டரைக்குத் தெரியும், ஒருநாள் பத்துக்கு.
தை மாதத்தில் சில நாள்
தெரியாமலே சாயங்காலம் ஆகிவிடும்.

பிறகு நடந்ததற்கெல்லாம் கணக்கு இருக்கிறது.
ஜீப்புக்குக் காத்திருந்தது நாற்பது நிமிடம்.
இருபது கொண்டை ஊசி வளைவு, ஐம்பத்தைந்து
(பதினோராவதில் வாந்தி, அங்கே நின்றது ஆறு).
கோரிமேட்டில் ஒரு கிளினிக்,
ஒரு பாட்டில் குளுக்கோஸ், "வாயு புடிச்சிருக்கு",
ஒன்றேகால் மணி நேரம்.
ஸ்கேன் படத்தின் மூலையில்
இயந்திரமே அச்சடித்துவிட்டது: 14:25.
இடது மூளையில் மடிப்புகள் அழிந்த ஓர் இடம்,
ஈரக்கை பட்ட கோலம் போல.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு.
நேரம் தெரியாதவருக்கு அதைப் போடுவதில்லை.
பணியில் இருந்தவர் செய்தது சரிதான்.
நான்தான் மூன்று நாள் கழித்து
பென்சிலால் 0930 எழுதி அழிக்கிறேன்,
1000 எழுதுகிறேன்.
பத்து என்றால் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது.
அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்தின் எழுத்து தெரிந்தது.

தீர்த்தன், ஐம்பத்தெட்டு வயது, ஆய்வு எண் நாற்பத்தொன்று.

ஜவ்வரிசிக் கஞ்சியில் பேரியம் கலந்தோம்
(கெட்டிப்படுத்தும் பொடி தீர்ந்திருந்த வாரம்.
ஆத்தூர் ரோட்டில் மில் மில்லாக ஜவ்வரிசி காயும் ஊரில்
அதற்கா பஞ்சம்?)
அரை ஸ்பூன்.
வெள்ளைக் கஞ்சி திரையில் கறுப்பாக இறங்கியது,
நாக்கின் பின்னால் தயங்கி நின்றது,
பிறகு பாதி வயிற்றுக்கு, பாதி மூச்சுக்குழலுக்கு.
இருமவில்லை. கண்கூடச் சுருங்கவில்லை.
இருமியிருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை குழாய் வைத்தோம்.
மூக்கு வழியாகக் காற்றேற்றி வயிற்றை உப்பவைத்து
விலா எலும்புக்குக் கீழே குறிபார்த்தேன்.
ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சில் குமிழ்கள்.
கம்பி சுருண்டு படுத்தது.
பதினாலாம் அளவுக் குழாய், பதினெட்டு நிமிடம்,
ரத்தக்கசிவு இல்லை.
இது என் ஆய்வுக்கு நல்ல நாள்.

வெளியே வந்து விளக்கினேன்:
எத்தனை மில்லி, எத்தனை தடவை,
ஊற்றியபின் தண்ணீர் விட்டு அலசணும், தலை உயர்ந்திருக்கணும்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்:
"சாப்பாடு இது வழியா உள்ள போயிரும், சரி.
பசிக்குதுங்கறது எது வழியா வெளிய வரும்?"

என் அட்டவணையில் முப்பத்திரண்டு நிரல்கள்.
வழிகாட்டி மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தொண்ணூறாம் நாள் போன் செய்ய வேண்டும், அது விதி.
நாலாவது தடவைதான் கிடைத்தது.
கேழ்வரகுக் கூழை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுகிறாளாம்.
சூடு பார்ப்பது தன் மணிக்கட்டில்.
ஊற்றுமுன் ஒரு விரல் காப்பித்தண்ணி
அவர் உதட்டில் தடவுவாளாம்.
கூடாதும்மா, என்றேன்.
"தடவ மட்டுந்தான்."
சிக்கல்கள் என்ற நிரலில் இல்லை என்று போட்டேன்.

"நேத்து ஏணியப் பாத்துட்டு 'அத்தா'ன்னாரு.
என் பேருல பாதி."

எத்தனை மணிக்கு?
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

சிரித்தாள்.
"அதெப்படித் தெரியும் டாக்டரம்மா?
கோடை மழை புடிச்சிக்கிச்சு.
நேத்தெல்லாம் எதிர் மலையே தெரியல."